‘நாங்க தோத்துட்டோம்’

2022 டிசம்பர் 19, திங்கட்கிழமை காலை. முந்தின இரவு பதினொன்றரை மணியை ஒட்டி, கத்தாரின் லுசைல் மைதானத்தில் பிரான்ஸுக்கு எதிராக கோன்சாலோ மொந்தியேல் அடித்த பெனால்டி உலகக் கோப்பையை அர்ஜென்டினா கையில் கொடுத்திருந்தது. எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் நீல வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சியோடு நாலு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, தூங்கவில்லை. பால் பாக்கெட் வாங்க ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாண்டி வழக்கில் சொன்னால் ‘சொல்தா’. “என்ன ஐயா, முகம் வாடிக் கிடக்கு?” என்று கடைக்காரர் ஒப்புக்குக் கேட்டுவைத்தார். பெரியவர் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: “நாங்க தோத்துட்டோம்பா.”

பெஞ்சில் சிரிப்பு நின்றது. யாரும் கேலி பேசவில்லை.

அவர் ‘நாம’ என்று சொல்லவில்லை. 2023 நவம்பரில் அகமதாபாத்தில் கிரிக்கெட் இறுதியாட்டத்தை இந்தியா இழந்தபோது இதே கடையில் எல்லார் வாயிலும் ‘நாம தோத்துட்டோம்’தான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. தமிழ்க் குழந்தை சிறு வயதிலேயே பிடித்துக்கொள்ளும் இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் கிடையாது, பிரெஞ்சிலும் கிடையாது. பிரான்ஸில் ஒரு ரசிகர் தோல்வியைச் சொல்வதென்றால் ‘ஓன் அ பெர்துய்’ என்பார். அந்த ‘ஓன்’ நாமாகவும் இருக்கலாம், யாரோ ஒருவராகவும் இருக்கலாம். வருத்தத்தை ஊரார் தலையில் பங்கு போட்டுவிட வசதியான சொல். பெரியவருக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். ஆனால் டீக்கடையில் தமிழில் பேசியதால், அந்தத் துக்கம் யாருடையது, யாருடையது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டி வந்துவிட்டது.

ரசிகர்களின் வாயில் வரும் ‘நாம்’ எப்போது ‘அவர்கள்’ ஆகிறது என்பதை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. அமெரிக்கப் பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டை அணிந்து வரும் மாணவர் தொகை கூடுகிறது என்று எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். அதைவிட நுட்பமானது அவர்கள் தொலைபேசியில் நடத்திய சோதனை. மாணவர்களிடம் சில தகவல் கேள்விகளைக் கேட்டுவிட்டு, சிலரிடம் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்றும் சிலரிடம் ‘மோசம்’ என்றும் சொன்னார்கள். அப்புறம் பேச்சோடு பேச்சாக, அண்மையில் நடந்த ஆட்டம் என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். ‘மோசம்’ என்று கேட்டு மனம் சுருங்கியவர்கள்தான் வென்ற ஆட்டத்தை ‘நாங்கள் வென்றோம்’ என்றும், தோற்ற ஆட்டத்தை ‘அவர்கள் தோற்றார்கள்’ என்றும் அதிகமாகச் சொன்னார்கள். வெற்றியின் வெயிலில் குளிர்காய்வது, தோல்வி வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவது: மனித இயல்பு இதுதான் என்று அந்த ஆய்வும் அதன் வழிவந்த ஆய்வுகளும் காட்டின. 

அப்படியானால் எங்கள் தெருப் பெரியவர் விதிவிலக்கு. தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. ‘பிரான்ஸ் தோத்துடுச்சு’ என்று மூன்றாம் மனிதர் மாதிரிச் சொல்லிவிட்டுப் பாலோடு போயிருக்கலாம். யாரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

தோல்வியைச் சொந்தமாக்கிக்கொள்வதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. 1996 ஜூன் 22 அன்று ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸ் நெதர்லாந்தைப் பெனால்டியில் வெளியேற்றியது. அன்றைக்கு நெதர்லாந்தில் 45 வயதைத் தாண்டிய ஆண்களிடையே மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்த சாவுகள், சுற்றியிருந்த நாட்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் 2000இல் வந்த கட்டுரை கணக்குக் காட்டியது. இதன் மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. பிரான்ஸ் முதன்முதலாக உலகக் கோப்பையை வென்ற 1998 ஜூலை 12 அன்று, பிரெஞ்சு ஆண்களிடையே மாரடைப்புச் சாவு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது என்கிறது 2003இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு. ஒருநாள் கணக்கை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது; நான் இதை நிரூபணமாக எடுத்து வைக்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் என்று நாம் உவமையாகச் சொல்வதை மருத்துவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

பொருளியலாளர்கள் பீட்டர் டால்டனும் ஜார்ஜ் மெக்கெரனும் 2018இல் செய்தது வேறு மாதிரியான கணக்கு. பிரிட்டனில் கைபேசிச் செயலி வழியாக ஆயிரக்கணக்கானோர் அவ்வப்போது பதிவு செய்த மனநிலையைக் கால்பந்து முடிவுகளோடு ஒட்டிப் பார்த்தார்கள். வென்ற அடுத்த ஒரு மணி நேரத்தில் ரசிகரின் மகிழ்ச்சி 100 புள்ளி அளவுகோலில் சுமார் 4 புள்ளி ஏறியது. தோற்றால் சுமார் 8 புள்ளி இறங்கியது. துக்கம் இரட்டிப்பு, அது வடியவும் அதிக நேரம் பிடித்தது. வட்டிக் கடைக்காரர் கண்ணால் பார்த்தால் ரசிகராக இருப்பது நிச்சய நஷ்டம். பிறகு ஏன் ஒருவர் அடுத்த ஆட்டத்துக்கும் டி.வி. முன்னால் வந்து உட்காருகிறார்? அணியை விடுவது என்றால் எதை விடுவது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். புதுச்சேரியில் அது காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய சங்கதி.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான கைமாற்றத்துக்கு மேலும் எட்டாண்டு ஆயிற்று. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக, அல்ஜீரியப் போர் முடியும்வரை காத்துக் கிடந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். படைவீரர்களின் குடும்பங்களும் ஓய்வூதியக்காரர்களும் அவர்களில் நிறையப் பேர். அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி ‘நமக்கெதுக்கு’ என்று விட்ட வீடுகள் உண்டு. இன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தைப் பார்க்கும் அண்ணன் பேரனும் தம்பி பேரனும் வெவ்வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பது அந்த ஆறு மாதத்தின் விளைவு.

அந்தக் கையெழுத்தின் பின்னால் என்ன இருந்தது? பாசம் மட்டும் என்று சொன்னால் பொய். பென்ஷன் இருந்தது, பிள்ளைகளுக்கு லிசே பள்ளிக்கூடம் இருந்தது, பாரிஸ் புறநகரில் ஒரு வேலைக்கான வாசல் இருந்தது. பாண்டியில் ‘பிரெஞ்சு நேஷனாலிட்டி’ மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் இருக்கும் மதிப்பை எல்லாரும் அறிவார்கள். எனவே இந்தக் குடும்பங்களின் பிரான்ஸ் ஆதரவைப் பார்த்து ‘காசுக்குக் கத்துகிறார்கள்’ என்று உதட்டைச் சுழிப்பவர்களும் ஊரில் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பென்ஷனுக்காக ஒரு நாட்டை ஏற்றுக்கொள்ளலாம். பென்ஷனுக்காக யாரும் விடியற்காலை மூன்று மணிக்கு அழமாட்டார்கள்.

அந்த மூன்று மணியை நான் சும்மா சொல்லவில்லை. ஐரோப்பிய மைதானங்களில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் இங்கே நள்ளிரவு 12.30. 2016 ஜூலை 10 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் போர்ச்சுகலின் எடர் 109ஆம் நிமிடத்தில் அடித்த கோல் பாண்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. 2021 ஜூனில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 3–1 என்று முன்னிலையில் இருந்து, கோட்டைவிட்டு, கடைசிப் பெனால்டியை எம்பாப்பே தவறவிட்டபோதும் கிட்டத்தட்ட அதே நேரம். 2006 ஜூலை 9 அன்று இத்தாலிக்கு எதிரான பெர்லின் உலகக் கோப்பை இறுதியாட்டம் இங்கே 11.30க்குத் தொடங்கியது. சிதான் தலையால் மதெராட்சியின் நெஞ்சில் முட்டிவிட்டுக் கோப்பையைக் கடந்து உள்ளே நடந்து போனதையும், ட்ரெசெகே அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுத் தெறித்ததையும் பார்த்தவர்கள் பார்த்தது ஊரடங்கிய வேளையில். அதே ட்ரெசெகேதான் ஆறு வருஷத்துக்கு முன் அதே இத்தாலிக்கு எதிராகத் தங்கக் கோல் அடித்து ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். இதை யாரிடம் சொல்லிப் புலம்புவது? வெளியே தெருநாய்கள்தான். பாரிஸில் தோற்றால் ஒரு நகரமே வாய் மூடும். அந்த மௌனத்தில் சாய்ந்துகொள்ளலாம். இங்கே விடிந்ததும் மீன்காரம்மா வருவார், பால்காரர் வருவார், யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

மலபார்ப் பக்கம் இந்தத் தனிமை கிடையாது. 2022இல் கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு கட்-அவுட் வைத்ததை உலகமே படம் பார்த்தது. பிரேசில் வெளியேறினால் அங்கே ஒரு கிளப்பே சேர்ந்து துக்கம் காக்கும், எதிர் கிளப் வெடி வெடிக்கும். அந்த மண்ணுக்கு நடுவில்தான் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேவும் இருக்கிறது என்பது இந்தக் கதையில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர், கால்பந்து வெறி பிடித்த பிரதேசம், ஆனால் சுற்றிலும் எல்லாம் பிரேசில், அர்ஜென்டினா.

டீக்கடைப் பையன்களின் அர்ஜென்டினா இந்த வகை. எந்தக் காகிதமும் இல்லை, எந்தத் தாத்தாவும் கையெழுத்துப் போடவில்லை. 1986இல் மரடோனாவை தூர்தர்ஷனில் பார்த்த அப்பன், மெஸ்ஸியை மொபைலில் பார்க்கும் மகன், அவ்வளவுதான். இது போலி, சொல்தாவின் துக்கம் அசல் என்று பிரிக்க நான் வரவில்லை. 2018 ஜூன் 30 அன்று கசானில் பிரான்ஸ் 4–3 என்று அர்ஜென்டினாவை வெளியேற்றியபோது இந்தப் பையன்களின் வயதொத்தவர்கள் சாப்பிடாமல் படுத்தார்கள். இருந்தும் ஒரு வித்தியாசம் கண்ணில் படத்தான் செய்கிறது. அவர்கள் ‘நம்ம டீம்’ என்கிறார்கள். கேட்பவர் யாராயிருந்தாலும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தேர்ந்தெடுத்த பாசத்தில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. பிறப்போடு வந்த பாசம் கதவைச் சாத்திக்கொண்டு ‘நாங்க’ என்கிறது.

அந்தக் கதவு வெளியிலிருந்தும் சாத்தப்பட்டதுதான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 அன்று சொல்தாக்கள் மார்பில் பதக்கங்களோடு அங்கே வந்து நின்று பிரெஞ்சு தேசிய கீதமான மார்செய்யேஸைப் பாடுவார்கள். முந்தின இரவு விளக்கு ஊர்வலம். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ‘இவங்க யாரு, தமிழ் ஆளுங்கதானே’ என்ற முணுமுணுப்பு ஒவ்வொரு வருஷமும் கேட்கும். கோடையில் நடக்கும் உலகக் கோப்பைகள் பல இந்தத் தேதியை ஒட்டியே முடிகின்றன. 1998இல் இரண்டு நாள் முன்பு வெற்றி. 2018இல் மறுநாள் வெற்றி. 2006இல் பெர்லின் தோல்விக்கு ஐந்தாம் நாள் அதே கீதத்தைப் பாட வேண்டியிருந்தது.

அந்தக் கீதத்தைப் பாடாமல் வாய் மூடி நின்ற ஒருவர் 1998 அணியில் இருந்தார். நியூ கலிடோனியாவைச் சேர்ந்த கிறிஸ்தியான் கரெம்பு. அவருடைய கொள்ளுத்தாத்தாவை 1931இல் பாரிஸில் காலனியக் கண்காட்சி நடந்த காலத்தில், கூண்டு விலங்கைக் காட்டுவதுபோல் காட்சிக்கு வைத்தார்கள்; அதை அவர் மறக்கவில்லை. 1998 வெற்றிக்கு இரண்டு வருஷம் முன்பு, 1996இல், வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்துப் பிரெஞ்சு அணி என்று பெயர் வைப்பது செயற்கை என்று வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென் சொல்லியிருந்தார். 2022 இறுதியாட்டம் முடிந்த அன்றிரவே, பெனால்டி தவறிய கோமானும் சுவாமெனியும் கறுப்பர்கள் என்பதற்காக இணையத்தில் வசைக்கு ஆளானார்கள். சியால்டினி கண்ட சுட்டுப்பெயர் மாற்றம் இங்கே இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது: வென்றால் ‘நாம்’, தோற்றால் அணியிலிருந்தே சிலரைப் பிடுங்கி ‘அவர்கள்’ பக்கம் தள்ளிவிடுவது. காலனி நாட்டு வம்சம் என்பதால் ஆட்டக்காரரை வெளியே தள்ளும் கூட்டம் ஒரு பக்கம். காலனியாக இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே அந்தத் தோல்வியில் தன் பங்கை ஏற்கும் கிழவர் மறுபக்கம். பிரான்ஸுக்கு உண்மையாக இருந்தது யார் என்று கேட்டால் நான் பதில் சொல்லத் தயங்கமாட்டேன்.

புதுச்சேரிக்காரர் எவரும் பிரான்ஸின் நீலச் சட்டையில் உலகக் கோப்பை ஆடியதில்லை. கிட்டத்தில் வந்தவர் விகாஷ் தொராசு. 1973இல் நார்மண்டியின் ஆர்ஃப்ளேரில், மொரீஷியஸ் வழியாக வந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 2006 உலகக் கோப்பை அணியில் இடம் கிடைத்தது. மாற்று ஆட்டக்காரராக இரண்டு ஆட்டங்களில் சில நிமிடம் இறங்கினார், அதோடு சரி. மிச்ச நாட்களைச் சூப்பர்-8 கேமராவும் கையுமாக ஓட்டல் அறையில் கழித்தார். அந்தப் படச்சுருள்களே பிறகு ‘மாற்று ஆட்டக்காரர்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படமாயிற்று. பெர்லின் இறுதியாட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. அணிக்குள் இருந்துகொண்டே வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பாண்டி ரசிகர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்தியாவும் பிரான்ஸும் நேருக்கு நேர் ஆடியிருந்தால் பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கத் தேவையே இல்லை, ஆடியிருக்கிறார்கள்.

1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். இல்ஃபோர்டு கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், எதிரே பிரான்ஸ். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். முதல் கோல் பிரான்ஸுக்கு. சாரங்கபாணி ராமன் திருப்பியடித்துச் சமன் செய்தார். இந்தியாவுக்குப் பெனால்டி ஒன்றல்ல, இரண்டு கிடைத்தன, இரண்டும் வீணாயின. 89ஆம் நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோல் அடித்தது. 2–1. அன்று புதுச்சேரி பிரெஞ்சு மண். பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதி அனுப்பிக்கொண்டிருந்த ஊர். சட்டப்படி ‘நாங்க ஜெயிச்சோம்’. இந்தியாவோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைக் கேட்டால் ‘நாம தோத்துட்டோம்’ என்றிருப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே ஆட்டத்துக்கு, இரண்டு வாக்கியமும் பொருந்தும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ரோம் ஒலிம்பிக்கில் மறுபடியும் ஆடினார்கள், 1960 ஆகஸ்ட் 29 அன்று கிரோசெட்டோ நகரத்தில். அப்போது பாண்டியில் நிர்வாகம் இந்தியாவுடையது, ஒப்பந்தம் இன்னும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தைத் தாண்டவில்லை. ஊர் இரண்டு நாட்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு பி.கே. பானர்ஜி கோல் போட்டார். பத்து நிமிடம் போல முன்னிலை நீடித்தது. பிறகு பிரான்ஸ் ஒன்று போட, ஆட்டம் 1–1 என்று முடிந்தது. அந்தப் பிரிவிலிருந்து ஹங்கேரி மட்டும் அரையிறுதிக்குப் போனது. மற்ற மூன்று அணிகளும் வீடு திரும்பின.